சாமி குடிபோன சூளை

நான் ஓட்டக்காரன் ஆனதற்கு ஒரு கொத்தமல்லி மூட்டைதான் காரணம். அப்போது கீழ மாசி வீதியில் ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் மானாமதுரைக்குப் போகிற மாட்டுவண்டியில் யாருக்கோ சேரவேண்டிய மல்லி மூட்டை ஒன்று ஏறிவிட்டது. வண்டி போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஏற்றியவன் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடினேன். சிலைமான் தாண்டிப் பிடித்தேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் மாட்டை நிறுத்திவிட்டு, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒருவன் ஓடி வந்தால் இழவுச் செய்திதான் கொண்டு வருவான் என்பது அந்தக் காலத்து நினைப்பு. மல்லி மூட்டை என்றேன். மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் கொடுத்து, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

எனக்கு வந்த யோசனை வேறு. இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறேன், மூச்சு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? பல்லைக் கடித்துக்கொண்டு ஆள் கனம் உள்ள மூட்டையை மாடிக்கு ஏற்றினால் வாங்குகிற மூச்சு, வெறும் உடம்போடு ஏழு மைல் ஓடினால் வாங்காதா? எதிரே வந்த காலி வண்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு, அந்த வண்டியோடு கூடவே ஓடிப் பார்த்துக்கொண்டே ஊர் திரும்பினேன். அன்று பிடித்தது இந்த ஓட்டப் பைத்தியம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. மூட்டை தூக்கிய அதே வீதியில் பிறகு சொந்தமாக மண்டி வைத்தேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரி மூன்று ஓடுகிறது. யாரும் எனக்கு ஏணி போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் மண்டி வைத்ததைவிட, லாரி வாங்கியதைவிட, நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வது ஒரு புளியமரத்தை ஓடித் தாண்டியதைத்தான். அதைத் தாண்ட எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

தை மாதத்தில் ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஓர் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். காளவாசலில் புறப்பட்டு, உசிலம்பட்டிச் சாலையில் நேர் மேற்காக எட்டு மைல் ஓடி, செக்கானூரணியில் முடிக்கவேண்டும். ரெக்ளா வண்டிப் பந்தயம் பார்த்துப் பழகிய சனம், மனுஷன் ஓடுவதையும் பார்ப்போமே என்று சாலை ஓரத்தில் நிற்கும். முதல் வருஷம் நானும் போய் நின்றேன். நாகமலை ஓரமாகச் சாலை போகிற இடத்தில், ஐந்தாவது மைலில், பெரிய புளியமரம் ஒன்று உண்டு. அதுவரை எனக்கு முன்னால் இரண்டே பேர். மரத்தடியில் வலது முழங்காலில் யாரோ ஆணி இறக்கினாற்போல் ஒரு வலி. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முனிச்சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் கூட்டாளி வேடிக்கை பார்க்க வந்திருந்தான். முஸ்லிம் வீட்டுப் பையன், என் வயசுக்காரன், எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. தன் சைக்கிள் கேரியரில் என்னை ஏற்றிக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து இறக்கினான்.

இரண்டாம் வருஷமும் அதே மரம், அதே வலது முழங்கால், அதே கேரியர்.

திரும்புகிற வழியில், காளவாசல் வந்ததும் கூட்டாளி சொன்னான்: "மாப்ள, அடுத்த வருசம் நீ ஓட வேணாம். நேரா அந்த மரத்தடியில வந்து உக்காந்துரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

உசிலம்பட்டிப் பக்கத்தில்தான் எனக்குப் பெண் எடுத்தது. அந்தச் சாலையில் வண்டியிலும் பஸ்ஸிலும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் புளியமரத்துக்கு மேற்கே உள்ள மூன்று மைலை என் கால் பார்த்ததில்லை. அங்கே உடம்பு என்ன செய்யும், மூச்சு எப்படி இருக்கும், என்னால் முடியுமா முடியாதா என்பது தெரியாமலே செத்துப்போய்விடுவேனோ என்றுகூட நினைத்தேன். ஜெயிக்கிற ஆசை எனக்கு இரண்டாம் வருஷத்தோடு போய்விட்டது. ரோஷமும் ஒரு மாசத்தில் ஆறிவிடும். ஆனால் ஏன் என்று ஒன்று உள்ளே கிடந்து உறுத்தினால் அது ஆறாது. நான் மூன்று வருஷம் விடாமல் ஓடியதற்கு மனத்திடம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் வருஷமே முழங்காலுக்குக் கட்டு வைத்தியர் ஒருவரிடம் போயிருந்தேன். உளுத்தம் மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து இருபத்தொரு நாள் கட்டினார். வலி போனது. ஓடினால் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஓடாதே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்ல டாக்டர் எதற்கு, என் வீட்டில் தினமும் பார்வையாலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

என் வீட்டுக்காரி அதிகம் பேசமாட்டாள். இரண்டாம் வருஷம் என்னைக் கேரியரிலிருந்து இறக்கி உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்த பிறகு பேசினாள்.

"இங்கேருங்க. இன்னும் ஒரு தடவ ஓடிக்கோங்க, நான் குறுக்க நிக்கல. அந்த மரத்துக்கு இந்தப் பக்கமே உக்காந்துட்டீகன்னா அத்தோட விட்டுரணும். மூட்ட தூக்குற காலு அது. அது போச்சுன்னா நாம எதத் தூக்குறது?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான், நான் அப்படி.

அவள் சிறு வயசில் மாடு மேய்த்தவள். காணாமல் போன கன்றைத் தடம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று அவள் ஊரில் பெயர். ஒரு வாரம் கழித்து, மழை பெய்து ஓய்ந்த காலையில், நான் வாசலில் இறங்கிப் பைப்படிக்குப் போய் வந்தேன். அவள் ஈரமண்ணில் குனிந்து நின்று என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?"

"வலது காலு வெளிய திரும்பிக் கெடக்கு. குதிகால் ஒரு பக்கமா அமுங்குது. இடது காலு நேரா இருக்கு." பிறகு, சாணத்தைக் கரைத்துக்கொண்டே, "எங்கய்யாகிட்ட இப்படி ஒரு காளை வந்துச்சுன்னா, சந்தைக்குப் பத்திட்டுப் போயிருப்பாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, வேலை வந்துவிட்டது. மண்டியில் கூட மூட்டை தூக்குகிறவர்களை ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன். என்னைவிடப் பாரம் தூக்கியவர்களுக்கும் இரண்டு காலும் நேராகத்தான் விழுந்தது. அப்படியானால் மூட்டை காரணமில்லை. வேறு என்ன? மண்டிக் கணக்குப்பிள்ளை, நான் ஏதோ மாந்திரீகம் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

விடை கிடைத்தது ஒரு செக்கடியில். நிலக்கடலை மூட்டை இறக்கப் போயிருந்தேன். செக்குக்காரர் மாட்டின் கண்கட்டை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்கு விட்டார். மாடு நேராகப் போகவில்லை. தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு, வளைந்து வளைந்து போயிற்று. கீழே சிந்தியிருந்த புண்ணாக்குத் தூளில் அதன் தடம். முதுகில் இருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். வலது முன்னங்கால் வெளியே திரும்பியிருந்தது.

"என்னண்ணே, மாடு வாங்கப் போறீகளா?" என்று கேட்டார் செக்குக்காரர்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள் என்று கேட்டேன். எப்போதும் வலம்தான் என்றார். செக்கு மாடு சுற்றுகிறது செக்கை. நான் சுற்றியது எதை? வண்டியூர்த் தெப்பக்குளத்தை. விடிந்தும் விடியாத பொழுதில் போய், குளத்துச் சுவரை ஒட்டிப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மண்டிக்குப் போவேன். குளத்தின் நடுவே மண்டபம், மண்டபத்தில் சாமி. ஆகவே சாமி வலக்கைப் பக்கம் இருக்கிறாற்போல வலமாகத்தான் சுற்றுவேன். நான் மட்டுமில்லை, மதுரையில் பிறந்தவன் எவனும் வேறு மாதிரிச் சுற்றமாட்டான். அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்றே நினைத்ததில்லை. குளத்துக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலும் வலது காலை ஒடித்துத் திரும்பியிருக்கிறேன். இரண்டு வருஷமாக.

டாக்டருக்குத் தெரியவில்லை, கட்டு வைத்தியருக்குத் தெரியவில்லை, நான் கண்டுபிடித்தேன். தடத்தைப் பார்த்தது அவள்தான், அதை மறைக்கவில்லை. காரணத்தைப் பிடித்தவன் நான்.

இனி என்ன செய்வது? முறுக்கேறிய கயிற்றை எதிர்ப்பக்கமாகத் திருகினால் பிரிகிறது. காலும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். எந்தப் படித்தவனையும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தெப்பக்குளத்தில் இடமாக ஓட ஆரம்பித்தேன். மூன்றாவது மூலைகூடத் திரும்பவில்லை, பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து குறுக்கே வந்துவிட்டாள். யார் வீட்டில் எழவு என்று கேட்டாள். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளிக்குடம் சுமக்கிறவன் என்பது எனக்குத் தெரியாததா? கால் வலிக்கு என்று சொன்னேன். கால் வலிக்கு இதென்ன வைத்தியம் என்று குளித்துக்கொண்டிருந்தவர்களும் கரையேறி வந்துவிட்டார்கள். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தே வந்தேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் உசுரோட இருக்கப்ப, நீங்க சாமிய இடஞ்சுத்துவீக?"

அன்று பழைய சோறுதான்.

கூட்டாளியிடம் போய்ச் சொன்னேன். அவன் சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். முழுக் கதையையும் கேட்டான். கதையில் செக்கு மாடு வந்ததும் சக்கரத்தை நிறுத்திவிட்டான். பிறகு சொன்னான், அவர்கள் வீட்டில் பெரியத்தா என்று சொல்கிற அவன் பெரியப்பா கப்பலேறி மக்காவுக்குப் போய்வந்தவராம், அங்கே கஃபாவை எல்லாரும் இடக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்களாம். எனக்கு ஒரே ஆச்சரியம். அம்புட்டுப் பேருமா என்று கேட்டேன். உலகத்தில் இருந்து வருகிற அம்புட்டுப் பேரும் என்றான். எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. ஓடிவந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அது அவுக முறை. அவுக அதுல தப்ப மாட்டாக. நீங்க நம்ம முறையில தப்பாதீக" என்று முடித்துவிட்டாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "சாமி இல்லாத எதையாச்சும் சுத்துங்க. யாரு வேணாங்குறா" என்றாள்.

சாமி இல்லாத இடம். கேட்க லேசாக இருக்கும். மதுரையில் தேடிப் பாருங்கள். நான் பதினைந்து நாள் தேடினேன். ஊரில் உள்ள ஊரணிக்கெல்லாம் கரையில் பிள்ளையார். ஆலமரத்துக்கு அடியில் ஒரு கல், கல்லில் மஞ்சள். வைகை மணலில் ஓடலாம் என்று பார்த்தால், ஆறே அம்மா என்றாள் இவள். ஒரு மைதானம் கண்டுபிடித்து அளந்தெல்லாம் வைத்தேன். மூலையில் ஒரு சூலம் நட்டிருந்தது, புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. எனக்குச் சலிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் நடந்திருக்கிறேன், இவ்வளவு சாமி இருப்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

கடைசியில் காளவாசலில்தான் கிடைத்தது. அங்கே அப்போது சுண்ணாம்பும் செங்கலும் சுடுகிற சூளைகள் உண்டு. ஒன்று அணைந்து, இடிந்து, மண்மேடாகக் கிடந்தது. காவல்காரரிடம், இதற்கும் சாமி உண்டோ என்று கேட்டேன். இருந்தது, புதுச் சூளை போட்டதும் படையல் வைத்து அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டோம் என்றார். திரும்பி வருமா என்றேன். எதற்கு வரப்போகிறது, இங்கேதான் நெருப்பு இல்லையே என்றார்.

இவள் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்கூடவே அத்தனை தூரம் நடந்து வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்தாள். இடுக்கில், புதரில், உடைந்த செங்கலுக்கு அடியில் எல்லாம் பார்த்தாள். காவல்காரரிடம் தானே ஒரு தடவை கேட்டாள். புதுச் சூளைக்குப் போய் அங்கே இருந்த சாமிக்கு ஒரு சூடம் கொளுத்தி, ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்றேன். பழைய வீட்டைச் சும்மா கொஞ்ச நாளைக்குப் பயன்படுத்திக்கிறோம் என்று சொன்னேன் என்றாள்.

அப்புறம் என்ன. தினமும் இருட்டு விலகும்போது கிழக்கே இருந்து மேற்கே மூன்று மைல் நடந்து, செத்த சூளையை இடமாகச் சுற்றினேன். சுற்றளவு குறைவு, ஆகவே சுற்று அதிகம். மார்கழியில் ஒருநாள் உடைந்த செங்கல் சில்லு உள்ளங்காலில் ஏறிவிட்டது. பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் நான் சூளைக்குப் போகாமல் இருக்கவில்லை. குதிகாலால் நடந்து போய், மேட்டின் மேல் உட்கார்ந்து, எனக்குப் பதிலாக அங்கே மேய்ந்த ஆடுகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று பார்த்தேன். ஆட்டுக்கு முறை கிடையாது. எப்படி வேண்டுமானாலும் போகிறது. அதனால்தான் அதற்கு முழங்கால் வலி இல்லை.

தை வந்தது. பத்தொன்பது பேர் நின்றோம். இவள் முந்தின நாளே தன் தம்பியோடு செக்கானூரணிக்குப் போய்விட்டாள். கூட்டாளி சொன்னபடி சைக்கிளோடு புளியமரத்தடிக்குப் போய்விட்டான்.

முதல் மைலில் என்னைப் பலர் தாண்டினார்கள், விட்டுவிட்டேன். என் கவனம் எல்லாம் முழங்காலில். இரண்டு, மூன்று, நாலு. நாகமலை வலப்பக்கம் நீண்டுகொண்டே வந்தது. தூரத்தில் மரம் தெரிந்ததும் வலது காலை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். இத்தனைக்கும் வலி இல்லை. மரத்தடியில் கூட்டாளி சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் திருப்பி, கிழக்குப் பார்த்து நிறுத்தி, கேரியரில் துண்டை மடித்துப் போட்டு வைத்திருந்தான். உட்கார இதமாக இருக்கட்டும் என்று. அந்தத் துண்டைப் பார்த்தேன். வலிக்கும் முன்பே உட்கார்ந்துவிடலாமா என்று கால் கேட்டது உண்மை. உட்கார்ந்தால் அதோடு சரி, இனிமேல் ஓட்டம் இல்லை.

மரத்தின் நிழல் மேலே விழுந்தது. வெயில் மறுபடி விழுந்தது. தாண்டிவிட்டேன்.

கூட்டாளி சைக்கிளை மேற்கே திருப்பிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தான்.

"வலிக்குதா மாப்ள?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"நெசமா இல்ல. அதான் பயமா இருக்கு."

அவன் பக்கத்திலேயே மிதித்து வந்தான். ஒரு மைல் போயிருக்கும், இடது தொடையில் ஒரு இழுப்பு. புது இடம். இதுவரை அங்கே எனக்கு வலித்ததே கிடையாது. யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாற்போல் இருந்தது. இது யார், எங்கிருந்து வந்தான் என்று யோசித்துக்கொண்டே ஓடியதில் இன்னொரு மைல் போய்விட்டது. மூச்சு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். ஆறாவது மைலில் கரடுமுரடாக இருந்தது, ஏழாவதில் தானாகச் சீரானது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மூன்று மைலில் வேறொன்றும் அதிசயம் இல்லை. சோளக்கொல்லை, கிணறு, ஒரு சுமைதாங்கிக் கல். ஆனால் அத்தனையும் என் காலால் பார்த்தேன்.

ஏழாவதாக வந்தேன். எட்டாவது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அங்கே இல்லை.

சனம் கூடி நின்றது, மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டான், யாரோ மோர் கொடுத்தார்கள். இவளைத் தேடினேன். என் பக்கம் வரவில்லை. என்னைத் தாண்டிப் போய், நான் ஓடி வந்த சாலை ஓரத்துப் புழுதியில் குந்தி உட்கார்ந்து, யார் யாருடைய தடத்துக்கோ நடுவில் என்னுடையதைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நொண்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வலது காலு நேராயிருச்சு" என்றாள்.

நான் சொல்லவில்லையா என்று ஆரம்பித்தேன். அவள் விரலால் இன்னொரு தடத்தைக் காட்டினாள்.

"இடதுதான் இப்ப வெளிய திரும்புது." எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சூளைய விடுங்க. நாளையிலருந்து தெப்பக்குளத்துக்குப் போங்க."